மைக்கில் சொன்னது சொன்னதுதான்

மைக்கைக் கையில் எடுத்ததும் அந்த மனிதர் முதலில் ஊதுவார். "ப்பூ… ப்பூ…" அப்புறம் நகத்தால் இரண்டு தட்டு. அப்புறம், "அலோ, அலோ, மைக் டெஸ்டிங்." காலடிப்பேட்டையில் எங்கள் தெருவுக்குப் பொழுது விடிந்ததே அந்த ஊதலில்தான். இத்தனை வருடம் கழித்தும், யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சூடான டீயை ஊதிக் குடித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் தெரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் அவர். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து எங்கள் தலையில் உட்கார்ந்தார். சங்கம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு அறை, ஒரு ஆம்ப்ளிஃபயர், மின்கம்பத்தில் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கர். ஒன்று கடலைப் பார்த்து இருக்கும், இன்னொன்று என் வீட்டு ஜன்னலைப் பார்த்து. கடல் பாவம், அதுவும் என்னைப் போல் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது.

தண்ணீர் லாரியை நம்பி நாங்கள் குடங்களோடு வாழ்ந்த காலம் அது. லாரி வந்தால் அறிவிப்பார், சரி. லாரி வராவிட்டாலும் அறிவிப்பார். யார் வீட்டில் கேஸ் தீர்ந்தது, யார் பையன் பிளஸ் டூவில் எந்தப் பாடத்தில் கோட்டைவிட்டான், யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு பெட்டியோடு புறப்பட்டாள், எல்லாம் குழாய் வழியாகத் தெருவுக்கு வந்துவிடும். சாதாரணமாகப் பேசும்போது எங்களைப் போலத்தான் "இன்னா, வந்துகினே கீறியா" என்பார். மைக் கைக்கு வந்தால் ஆளே மாறிவிடுவார். "வணக்கத்திற்குரிய பெரியோர்களே, பாசமிகு தாய்மார்களே" என்று தொண்டையில் எங்கிருந்தோ ஒரு மேடைத் தமிழ் ஏறிக்கொள்ளும். அவர் காதில் விழுந்தது எதுவும் அவர் வயிற்றில் தங்காது.

ஒரு தடவை எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் கிடந்தார். யாரோ டீக்கடையில் "கஷ்டம்தான் போல" என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் நேராகப் போய் மைக்கைப் பிடித்து, "இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன்" என்று முழங்கிவிட்டார். மாலை நான்கு மணிக்கு மூலக்கொத்தளத்தில் அடக்கம் என்று நேரம், இடம்கூடக் கொடுத்தார். சனங்கள் மாலையும் கையுமாக வந்து அந்த வீட்டு வாசலில் நிற்கிறார்கள். பெரியவரின் மகள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அடுத்த வாரம் பெரியவர் ஆட்டோவில் வந்து இறங்கினார், அதற்கப்புறமும் பல வருடம் தெம்பாக நடமாடினார். அவர் உயிரோடு இருக்கிறார் என்று மட்டும் குழாய் கடைசிவரை சொல்லவே இல்லை.

"இன்னா அண்ணே, ஒரு வார்த்த தப்பா சொல்லிட்டேன்னு மைக்ல சொல்லக்கூடாதா?" என்று நானே கேட்டேன்.

"த பாரும்மா. மைக்ல சொன்னது சொன்னதுதான். மாத்தி மாத்தி சொன்னா மைக்குக்கு இன்னா மரியாத?"

மைக்குக்கு மரியாதையாம். உயிரோடு திரும்பி வந்த மனுஷனுக்கு இல்லாத மரியாதை.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். வியாசர்பாடியில் பிறந்தவர். நன்றாகப் பேசக்கூடியவர்தான், ஆனால் சொந்த வீட்டுக்குள் வாயே திறக்க மாட்டார். ஒரு தடவை, தன் தங்கை மகள் பெரியவளான செய்தியைப் புருஷனிடம் சொல்லிவிட்டு அக்கா அரிசி களைந்து உலையில் போட்டிருக்கிறார். சோறு வேகுவதற்குள் அது ஸ்பீக்கரில் வந்துவிட்டது. அந்தப் பெண் ஒரு மாதம் வாசலுக்கு வரவில்லை. அன்றிலிருந்து அக்கா அந்த ஆளிடம் பேசுவது "சாப்ட வாங்க" மட்டும்தான். அவரோ, "எங்க வூட்ல ஒளிவு மறைவே கெடையாது" என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். எப்படி இருக்கும், பேசினால்தானே!

நான் அப்போது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தேன். வருகிற பெண்களைப் படுக்கவைத்து, ஜெல்லி தடவி, டாக்டரம்மா பார்த்து முடித்ததும் துடைத்துவிட்டு அனுப்புகிற வேலை. ஒரு நாள் செயலாளர் அங்கே வந்து நின்றார். தெருவில் பெண்களுக்கு மார்புப் புற்றுநோய் முகாம் நடத்த வேண்டும், டாக்டரம்மா மிஷினோடு வர வேண்டும் என்றார். அடடா, நல்ல காரியம்தானே என்று நான்கூட ஒரு நிமிஷம் ஏமாந்தேன்.

டாக்டரம்மா அவரை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். "இந்த ஸ்கேன்ல வலி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. கையில் தட்டுப்படுற கட்டி தண்ணிக்கட்டியா, கெட்டியான கட்டியான்னு நல்லா தெரியும். சின்ன வயசுப் பொண்ணுங்களுக்கு இதுல பாக்கறதுதான் வசதி. ஆனா நாப்பது தாண்டினவங்களுக்கு மேமோகிராம்னு ஒரு எக்ஸ்ரே இருக்கு, அதையும் எடுக்கணும். பொடிப்பொடியா சுண்ணாம்பு மாதிரி படியறதெல்லாம் அதுலதான் தெரியும், இதுல தப்பிச்சிடும். அதனால ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலன்னா ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம் கிடையாது. இதைச் சனங்களுக்குச் சரியா சொல்லணும். அப்புறம் ஒரு விஷயம், யார் பேரையும் மைக்ல கூப்பிடக்கூடாது."

"கண்டிப்பா டாக்டர், கண்டிப்பா" என்று தலையை ஆட்டினார். மறுநாள் காலை குழாய் முழங்கியது: "எல்லா வியாதியையும் கண்ணாடி போல் காட்டிவிடும் நவீன இயந்திரம் நமது தெருவுக்கே வருகிறது!"

அதிலும் ஒரு வேடிக்கை. ஊர் வம்பு அத்தனையும் பேசுகிற வாய்க்கு மார்பு என்ற சொல் மட்டும் வரவில்லை. "தாய்மார்களின் அந்தப் பகுதிக்கான இலவச ஸ்கேன்" என்றே ஒரு வாரம் அறிவித்தார். எந்தப் பகுதி என்று யாருக்குத் தெரியும்? எங்கள் பக்கம் ஸ்கேன் என்றால் வயிற்றில் பிள்ளை இருக்கிறதா என்று பார்ப்பது. மீன் விற்கிற ஒரு அம்மா என்னை வழியில் மறித்து, "எனக்கு பேரன் எடுத்தாச்சு, இன்னாத்துக்குடி ஸ்கேனு? அந்தாளுக்கு இன்னா கொயுப்பு!" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். கல்யாணமாகாத பெண்கள் இருக்கிற வீடுகளில் அந்த அறிவிப்பு வந்தாலே கதவைச் சாத்தினார்கள். நான் வீடு வீடாகப் போய் என்ன ஏது என்று விளக்கியதில் கொஞ்சம் பேர் வருவதாக ஒத்துக்கொண்டார்கள்.

முகாம் நடந்தது பள்ளிக்கூடத்து அறையில். ஜன்னலுக்குப் புடவை கட்டி மறைத்து மிஷினை வைத்தோம். வெளியே பந்தல், நாற்காலி, நடுவில் அவர். பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒருவர் பின்னால் ஒருவர் ஒதுங்கி நிற்கிறார்கள். டாக்டரம்மா கேட்டுக்கொண்ட ஒரே விஷயம் அவருக்கு ஞாபகம் இருந்ததா? "முதலாவதாக, பின்சந்து பச்சை கேட் வீட்டு வெல்டரின் மனைவி, அந்தப் பகுதிப் பரிசோதனைக்குத் தயாராகவும்!" வெல்டரின் மனைவி செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடியே போய்விட்டாள். அவள் பின்னாலேயே பாதி வரிசை கரைந்தது.

கூட்டம் கலைவதைப் பார்த்ததும் அவருக்குக் கை கால் ஓடவில்லை. மைக்கை இறுக்கிப் பிடித்தார். "தாய்மார்களே, வெட்கம் வேண்டாம்! இதோ முதல் ஆளாக என் துணைவியாரே உள்ளே போகிறார்!" அக்கா பந்தலின் ஓரத்தில் எல்லாருக்கும் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே வந்தார்.

படுக்கையில் ஏறியதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இந்தப் பக்கம் ஒண்ணு கீதும்மா. ஆடி மாசத்துலேர்ந்து கீது."

"அய்யோ அக்கா, ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"ஒருத்தர்ட்ட சொன்னா அவராண்ட போவும். அவராண்ட போனா கொயாய்ல வந்துடும். என் மாரு சமாச்சாரத்த ஏரியாவே கேக்கணுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. தீபாவளி முடிந்துவிட்டிருந்தது. அத்தனை மாதம் அந்தப் பெண்மணி கட்டியைச் சுமந்ததை விட, அது குழாயில் வந்துவிடுமோ என்கிற பயத்தைத்தான் அதிகமாகச் சுமந்திருக்கிறார்.

டாக்டரம்மா ஸ்கேன் கருவியை வைத்து மெதுவாக நகர்த்தினார். ஒரு இடத்தில் நிறுத்தினார். தண்ணீர்க்கட்டி என்றால் திரையில் கருகருவென்று ஒழுங்கான வட்டமாகத் தெரியும், அதை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இது அப்படி இல்லை. ஓரமெல்லாம் கந்தலாக, ஒழுங்கில்லாமல் இருந்தது. டாக்டரம்மா கருவியைச் சாய்த்து இன்னொரு பக்கமாக வைத்துப் பார்க்கத் தொடங்கினார். சரியாக அந்த நேரத்தில் எங்கள் தலைக்கு மேல் குழாய் அலறியது.

"மகிழ்ச்சியான செய்தி! என் துணைவியாருக்கு ஒன்றுமில்லை! எல்லாம் நார்மல்! தாய்மார்கள் தைரியமாக வரலாம்!"

நாசமாய்ப் போக. கருவி இன்னும் அக்காவின் மேல் இருக்கிறது, ஜெல்லிகூடக் காயவில்லை. அக்கா கூரையையே பார்த்துக்கொண்டு, "சொல்லிட்டாரு" என்றார். 

டாக்டரம்மா வெளியே போனார், நானும் கூடப் போனேன். செயலாளரை ஓரமாகக் கூப்பிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அவர் கையில் இருந்த மைக்கைப் பார்த்தார். அது அணைக்கப்படவில்லை. டாக்டரம்மாவே கையை நீட்டிப் பொத்தானை அணைத்துவிட்டுத்தான் பேசினார். கட்டி கெட்டியாக இருக்கிறது, பார்க்க நன்றாக இல்லை, மேமோகிராம் எடுக்க வேண்டும், ஊசி குத்தித் திசு எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், தள்ளிப்போட வேண்டாம். செயலாளர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவர் முகம் விழுந்தது நிஜம்தான், ஆனால் அது டாக்டர் மைக்கை அணைத்ததற்காக. வெகுநாள் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிப் பொருமினார், "எம்மாம் தைரியம் இருந்தா என் மைக்க ஆஃப் பண்ணுவாங்க!"

ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. பொறுக்க முடியாமல் சங்க அறைக்கே போய்க் கேட்டேன்.

"அண்ணே, அக்காவ எப்ப பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறீங்க?"

"இன்னாத்துக்கு? நார்மல்னு சொல்லியாச்சே."

"யாரு சொன்னாங்க?"

"நான்தான் சொன்னேன். நீயும் கேட்டியே."

"டாக்டரு அப்டி சொல்லலியே அண்ணே!"

"ஸ்கேன்ல தண்ணிக்கட்டில்லாம் வரும்னு டாக்டரே சொன்னாங்க இல்ல? அதான் இது. கரைஞ்சிடும்."

"இது தண்ணிக்கட்டி இல்லன்னு உங்க மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. நானும் பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன்?"

குரலைத் தாழ்த்திக்கொண்டார். மைக் இல்லாதபோது அவருக்குக் குரல் இவ்வளவுதானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "த பாரும்மா, பேஜார் பண்ணாத. இப்ப நான் போயி அட்மிசன் போட்டேன்னு வையி, ஏரியாக்காரன் இன்னா கேப்பான்? செயலாளர் மைக்ல சொன்னது டுபாக்கூரான்னு கேப்பான். தை மாசம் சங்கத் தேர்தல் கீது. அது முடியட்டும், பாத்துக்கலாம்."

எனக்கு அங்கேயே செருப்பைக் கழற்றலாமா என்று இருந்தது. கட்டிய பெண்டாட்டி, முப்பது வருடம் சோறு போட்டவள், அவள் உயிர் இந்த ஆளின் தேர்தல் முடிகிறவரை வரிசையில் நிற்க வேண்டுமாம். பெரிய தேர்தல்! எதிர்த்து நிற்க ஒரு நாய்கூட இல்லாத தேர்தல்.

அக்காவிடம் போய், "நானே கூட வரேன், கிளம்பு அக்கா" என்றேன். அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். கேட்காமல் போனால் புருஷன் தேடுவார், தேடினால் மைக்கில் தேடுவார். "என் மனைவியைக் காணவில்லை"யென்று தெருவெல்லாம் முழங்கும். அந்தப் பயத்திலேயே மார்கழியும் போய்விட்டது. கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. அக்குளில் ஒரு நெறி கட்டியிருப்பதாக அக்கா ஒரு நாள் சொன்னார்.

கடைசியில் அக்காவே வழி கண்டுபிடித்தார். "அவரு மைக்கு புடிச்சிட்டா அக்கம் பக்கம் ஒண்ணும் தெரியாது. அந்த நேரத்துல பூடலாம்." தண்ணீர் வரவில்லை என்று நெடுஞ்சாலையில் மறியல் என்று அறிவித்திருந்த நாளைத் தேர்ந்தெடுத்தோம். காலையிலேயே ஒரு ஆட்டோவில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு அவர் புறப்பட்டுப் போனார். வியாசர்பாடியில் இருந்த அக்காவின் அண்ணனுக்கு முன்னாலேயே சொல்லிவைத்திருந்தோம். அவர் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாகச் சொன்னார்.

நெடுஞ்சாலைக்குப் போனால் குடங்களும் கன்டெய்னர் லாரிகளும் அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. மறியலைத் தாண்டி அந்தப் பக்கம் போனால்தான் வண்டி கிடைக்கும். வேறு வழி இல்லாமல் கூட்டத்துக்குள் புகுந்தோம். அக்கா ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஆட்டோவின் மேல் ஏறி நின்றிருந்த செயலாளர் எங்களைப் பார்த்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

"இதோ பாருங்கள் பொதுமக்களே!" என்று முழங்கினார். "என் துணைவியாரே வீட்டு வேலையை விட்டுவிட்டுப் போராட்டக் களத்துக்கு வந்துவிட்டார்!"

சனங்கள் கைதட்டினார்கள். யாரோ அக்கா கையில் ஒரு பிளாஸ்டிக் குடத்தைத் திணித்தார்கள். அக்கா குடத்தோடு நடந்தார், கூட்டத்தின் கடைசிவரை நடந்தார், அங்கே ஓரமாகக் குடத்தை வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினார். தண்டையார்பேட்டை தாண்டியதும் அக்கா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அது அழுகையாகவே ஆகிவிட்டது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஊசி குத்திப் பார்த்தார்கள், புற்றுநோய்தான் என்றார்கள். அறுவை செய்யும் பெரிய டாக்டர், "முகாம் ஸ்கேன்லயே சொல்லியிருக்காங்க. அப்பவே வந்திருந்தா அக்குள் வரைக்கும் போயிருக்காது. இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" என்று அக்காவின் அண்ணனைச் சத்தம் போட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார். ஒரு பக்க மார்பை எடுத்தார்கள், அக்குள் நெறிகளையும் எடுத்தார்கள்.

தங்கை தன் வீட்டுக்கு வந்திருப்பதாகச் செயலாளருக்கு அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். மனுஷன் கேள்வி கேட்காமல் ஓட்டல் சாப்பாட்டில் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் முடிந்த பிறகுதான் அவருக்கு நிஜத்தைச் சொன்னோம். வந்தார். கையில் ஒரு பழம் கிடையாது, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் கிடையாது. கட்டுப் போட்டுப் படுத்திருந்த அக்காவின் பக்கத்தில் நின்று, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குனிந்து ரகசியமாக முதல் கேள்வி கேட்டார்.

"ஏரியால யாருக்குனா தெரியுமா?"

வலி எப்படி இருக்கிறது, சாப்பிட்டாயா, டாக்டர் என்ன சொன்னார், ஒன்றும் கிடையாது. ஊர் ரகசியம் எல்லாவற்றையும் உரக்கச் சொன்ன ஆளுக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ரகசியம் பேச வந்திருந்தது. அக்காவின் அண்ணன் அவரைச் சட்டையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நல்லதாகவே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மருந்து ஏற்றியதில் அக்காவின் முடி கொட்டியது, திரும்ப முளைத்தது. கொஞ்சம் தேறித் தெருவுக்குத் திரும்பியதும் அக்கா ஒரு வேலை ஆரம்பித்தார். மத்தியானத்தில் வீடு வீடாகப் போவார். அடுப்பங்கரையில் உட்கார்ந்து, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, புடவையை விலக்கித் தழும்பைக் காட்டுவார். "குளிக்கும்போது கைய வச்சி தடவிப் பாரு. எதுனா தட்டுச்சுன்னா என்னாண்ட வந்து சொல்லு, யார்ட்டயும் போவாது" என்பார். அந்த மீன்கார அம்மாவும், ஓடிப்போன வெல்டரின் மனைவியும் அக்காவின் பேச்சைக் கேட்டுத்தான் எங்கள் ஸ்கேன் சென்டருக்கு வந்தார்கள்.

அடுத்த வருடமும் முகாம் போட்டார்கள். நான் டாக்டரம்மாவோடு மிஷினை எடுத்துக்கொண்டு போனபோது பள்ளிக்கூட வராந்தா நிறையப் பெண்கள். அறைக்கு உள்ளேயும் பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் அக்கா, ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். யாரையும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. அக்கா தோளைத் தொட்டால் ஒருவர் எழுந்து போவார்.

அப்போது மேலே குழாயில் ஊதுகிற சத்தம் கேட்டது. அப்புறம் இரண்டு தட்டு.

"பாசமிகு தாய்மார்களே! சென்ற ஆண்டு இதே முகாமில், எனது விழிப்புணர்வின் காரணமாக, என் துணைவியாரின் நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, அவரது உயிரை நானே காப்பாற்றினேன் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்!"

 இப்படிக்கூட ஒரு மனுஷன் இருப்பானா? டாக்டரம்மா ஸ்கேன் கருவியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அறையில் இருந்த அத்தனை பெண்களும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே குழாய் நிற்காமல் தன் புகழைப் பாடிக்கொண்டிருந்தது.

அக்கா நிதானமாகத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். அப்புறம் டாக்டரம்மாவைப் பார்த்து, குழாய் இருக்கிற பக்கமாகக் கையைக் காட்டிக் கேட்டார்.

"எம்மா, மாருல இருந்த கட்டிய எடுத்துட்டாங்க, சந்தோசம். தோ இத்த எடுக்கறதுக்கு எந்த ஆஸ்பத்திரிக்கும்மா எய்திக் குடுப்பீங்க?"